அறுபத்தைந்தில் ஓடிவிடாது

புதுச்சேரியில் பதினோராம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் வேதியியல் எடுத்திருக்கும் பிள்ளைகளுக்கு,

இந்த ஊர்ப் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். உங்கள் அக்கா, அண்ணன்களில் சிலர் என்னிடம் திட்டு வாங்கியிருக்கலாம். பாடம் எடுக்கும் பழக்கம் விட்டுப்போகவில்லை, வகுப்பறை மட்டும் இல்லை. அதனால் இந்த மடல்.

2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் சாராயம் என்று வாங்கிக் குடித்தவர்கள் செத்துப்போனார்கள். அந்தக் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ஒரு பையன் எழுந்து கேட்டான்: “மிஸ், மெத்தனால் அறுபத்தஞ்சு டிகிரியிலயே கொதிக்குது. எத்தனால் எழுபத்தெட்டு. அப்போ லேசா சூடு காட்டினா வெசம் மொதல்ல போயிடும்தானே? எங்க மாமா அப்படித்தான் சொல்றாரு.”

புத்தகத்தில் இருக்கும் எண்களை வைத்துப் பார்த்தால் அவன் கணக்கு சரி. தேர்வில் ‘கொதிநிலையின் ஏறுவரிசையில் எழுதுக’ என்று கேட்டால் மெத்தனால், எத்தனால், நீர் என்று எழுதி முழு மதிப்பெண் வாங்குவான். அதே கணக்கை நம்பி அவன் மாமா ஒரு குவளையைக் குடித்தால் கண் போகும், உயிரும் போகும். மதிப்பெண் வாங்கித் தரும் விடைக்கும் ஆளைக் கொல்லும் விடைக்கும் நடுவில் ஒரு பாடம் இருக்கிறது. அந்தப் பாடம் இப்போது உங்கள் புத்தகத்தில் இல்லை.

2024-25 கல்வியாண்டுக்குள் நம் அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு சிபிஎஸ்இக்கு மாறின. உங்கள் கையில் இருப்பது என்சிஇஆர்டி புத்தகம். பதினோராம் வகுப்பு வேதியியலில் பருப்பொருளின் நிலைகளைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. 2022-இல் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று அதை எடுத்துவிட்டார்கள். மூலக்கூறுகள் ஒன்றையொன்று எப்படிப் பிடித்துக்கொள்கின்றன, அந்தப் பிடி எப்போது விடுகிறது என்பதெல்லாம் அங்கேதான் ஒரே இடத்தில் இருந்தது. ஹைட்ரஜன் பிணைப்பு வேதிப் பிணைப்புப் பாடத்தின் கடைசியில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. கலவைகள் கொதிப்பதைப் பற்றி அடுத்த ஆண்டு ‘கரைசல்கள்’ பாடத்தில் வரும். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடும் பக்கம் போய்விட்டது. யாருடைய சுமை குறைந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பிடியிலிருந்தே தொடங்குவோம். நகரைக் கிழக்கும் மேற்குமாகப் பிரிக்கும் பெரிய வாய்க்கால் ஓரமாக வெயில் நேரத்தில் நடந்திருப்பீர்கள். மூக்கைப் பொத்த வைக்கும் அந்த அழுகிய முட்டை வாடையில் ஹைட்ரஜன் சல்பைடுக்குப் பங்கு உண்டு. அதன் மூலக்கூறு எடை 34. நீரின் மூலக்கூறு எடை 18. கனமானது வாய்க்காலை விட்டு வாயுவாக மேலே வருகிறது, அதில் ஏறக்குறையப் பாதி எடையே உள்ள நீர் கீழே திரவமாகக் கிடக்கிறது. ஹைட்ரஜன் சல்பைடின் கொதிநிலை மைனஸ் 60, நீருடையது 100. இத்தனைக்கும் ஆக்சிஜனும் கந்தகமும் தனிம அட்டவணையில் ஒரே தொகுதி, மேலும் கீழுமாக இருக்கிற சொந்தக்காரர்கள்.

இந்த 160 டிகிரி வித்தியாசத்துக்குக் காரணம் ஹைட்ரஜன் பிணைப்பு. ஆக்சிஜன் சின்னது, எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுப்பதில் கெட்டி. அதோடு ஒட்டியிருக்கும் ஹைட்ரஜன் ஏறக்குறைய வெறும் நேர்மின் சுமையாக நிற்கிறது. பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனிடம் இருக்கும் தனித்த எலக்ட்ரான் இணையை நோக்கிச் சாய்கிறது. நீர் மூலக்கூறு தன் இரு ஹைட்ரஜன்களைக் கொடுத்து இரண்டு பிடி, தன் ஆக்சிஜனில் வாங்கி இரண்டு பிடி என்று நாலு பக்கமும் பிடித்துக்கொள்ள முடியும். கந்தகத்துக்கு அந்த இழுவை போதாது.

எடையே முக்கியம் என்று இன்னும் நினைப்பவர்கள் எத்தனாலையும் டைமெதில் ஈதரையும் பாருங்கள். இரண்டுக்கும் இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். எடை இரண்டுக்கும் 46. எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கிறது. ஈதர் மைனஸ் 24-இல் கொதித்துவிடும். ஸ்பிரே டப்பாக்களில் உந்து வாயுவாக அடைக்கிறார்கள். எத்தனாலில் ஹைட்ரஜன் ஒன்று ஆக்சிஜனோடு ஒட்டியிருக்கிறது, ஈதரில் எல்லா ஹைட்ரஜனும் கார்பனோடு. அவ்வளவுதான் வேறுபாடு. அதற்கு 100 டிகிரி.

இங்கே ஒரு இடைச்செருகல். நீர் கொதிக்கும்போது எழும் குமிழிக்குள் என்ன இருக்கிறது என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்பேன். பாதி வகுப்பு ‘காற்று’ என்னும், மீதியில் பாதி ‘ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்’ என்னும். குமிழிக்குள் இருப்பது நீராவி, முழு நீர் மூலக்கூறுகள். மூலக்கூறுக்குள் ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் கட்டியிருக்கும் சகப்பிணைப்பை அறுக்க ஒரு மோலுக்குச் சுமார் 460 கிலோஜூல் வேண்டும். மூலக்கூறுகளுக்கு நடுவே இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புக்குச் சுமார் 20 போதும். அடுப்பு அறுப்பது இந்தச் சின்னப் பிடியைத்தான்.

ஆவியாதல் என்றால் மேற்பரப்பில் இருக்கும் மூலக்கூறுகளில் வேகம் கூடியவை பிடியை உதறிக்கொண்டு போவது. எந்த வெப்பநிலையிலும் நடக்கும், கொடியில் காயும் துணிக்கு யாரும் அடுப்பு மூட்டுவதில்லை. இடது மணிக்கட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர், வலது மணிக்கட்டில் எத்தனால் உள்ள சானிடைசர் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கையை ஆட்டாமல், ஊதாமல் பாருங்கள். சானிடைசர் சொட்டு விட்ட நொடியே பரவும், ஓரம் சுருங்கும், தோல் சில்லென்று ஆகும், ஈரம் காணாமல் போகும். தண்ணீர் உருண்டு திரண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கும். 30 டிகிரியில் நீரின் ஆவி அழுத்தம் பாதரசக் கணக்கில் 32 மில்லிமீட்டர், எத்தனாலுக்கு 78, மெத்தனாலுக்கு 160க்கும் மேல். பிடி தளரத் தளர எண் ஏறுகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு கிராம் நீர் தோலிலிருந்து ஆவியாகச் சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஒரு கிராம் எத்தனால் எடுப்பது 900 சொச்சம்தான். ஆனாலும் எத்தனால்தான் சில்லென்று இருக்கிறது, ஏனென்றால் மளமளவென்று போகிறது. நம் உடம்பு வியர்வைக்கு நீரை வைத்திருப்பது அந்த 2,400க்காக. நம் ஊர்ப் புழுக்கத்தில் அதுவும் கைகொடுக்காது. கடல் காற்று ஈரத்தோடு வந்து நின்றால் போகிற நீர் மூலக்கூறுக்குச் சமமாகத் திரும்பி வரும் மூலக்கூறும் இருக்கும், வியர்வை காயாமல் வழியும். வேலூர்க்காரர்கள் 41 டிகிரியைச் சொல்லிப் பெருமைப்பட்டால் நாம் 36-ஐச் சொல்லி வாதாடலாம்.

கொதித்தல் வேறு. திரவத்தின் ஆவி அழுத்தம் வெளியே இருக்கும் காற்றழுத்தத்துக்குச் சமமாகும்போது உள்ளே எந்த இடத்திலும் குமிழி பிறந்து நிலைக்க முடியும். புதுச்சேரி கடல் மட்டத்தில் இருப்பதால் புத்தகத்து 100 டிகிரி நமக்கு ஏறத்தாழ அப்படியே பொருந்தும். கொடைக்கானலில் 93 பக்கம், குக்கருக்குள் 120 பக்கம். ஆக, கொதிநிலை என்கிற எண்ணுக்கே வெளியாள் ஒருவர் துணை வேண்டியிருக்கிறது. இதை மனத்தில் வையுங்கள், அடுத்து வருவது இதைவிடப் பெரிய சார்பு.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். கடல் மேல் கோபித்துக்கொண்டதுபோல் வெள்ளையாகக் கிடக்கும் அந்தப் பாத்திகளில் நீர் ஆவியாவதுதான் தொழில். தொடக்கத்தில் நீர் வேகமாகப் போகும். உப்பு கூடக் கூட வேகம் குறையும். சோடியம், குளோரைடு அயனிகள் ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளை இழுத்து வைத்துக்கொள்கின்றன, அந்தப் பிடி நீரோடு நீர் போடும் பிடியைவிட வலுவானது. இனி உப்புக் கரையாது என்கிற நிலைக்கு வந்த நீரும் மேலே உள்ள காற்றும் ஒரே வெப்பநிலையில் இருந்தால், காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டதும் ஆவியாதல் நின்றுவிடும். அதற்கு மேல் போனால் உப்பு காற்றிலிருந்து நீரை வாங்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடுப்படி உப்பு ஜாடி நீர் விட்டுக்கொள்வதும் இந்த 75-ஆல்தான். வெறும் நீர் என்றால் 100 சதவீதம் வரை ஆவியாகிக்கொண்டிருக்கும்.

அதே நீர்தான். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பது மாறியது, அது வெளியேறுகிற விருப்பமும் மாறியது. உங்கள் அட்டவணையில் உள்ள கொதிநிலைகள் எல்லாம் தனித் திரவத்துக்கு உரியவை. மெத்தனாலைச் சுற்றி மெத்தனால் மட்டுமே இருந்தால் 64.7. வேறு யாராவது பக்கத்தில் இருந்தால் அந்த எண் செல்லாது.

கலவைகளுக்கு முதலில் ஒரு கணக்குக் கொடுத்தவர் கிரெனோபிளில் பேராசிரியராக இருந்த ஃபிரான்சுவா-மரி ராவுல். 1887-இல் வந்தது அவர் விதி, பன்னிரண்டாம் வகுப்பில் ரௌல்ட் விதி என்ற பெயரில் படிப்பீர்கள். (பிரெஞ்சுக்காரர்கள் இங்கே துய்மாவுக்கும் சுஃப்ரேனுக்கும் வீதி வைத்தார்கள், நம் காலத்தில் ரோமேன் ரோலான் பெயரும் இருக்கிறது. ராவுலுக்கு ஒரு சந்துகூட என் கண்ணில் படவில்லை.) கலவையில் எந்தப் பொருள் எத்தனை பங்கு இருக்கிறதோ அந்தப் பங்குக்கு ஏற்ப அதன் ஆவி அழுத்தம் இருக்கும் என்பது அவர் சொன்னது. கலந்திருக்கும் எல்லா மூலக்கூறுகளும் ஒன்றையொன்று ஒரே வலுவில் பிடித்தால் அது சரியாக வரும். எத்தனாலும் நீரும் அப்படிப்பட்ட ஜோடி அல்ல. எத்தனாலின் ஒரு முனை நீரோடு நன்றாக ஒட்டும், இரண்டு கார்பன் கொண்ட வால் ஒட்டாது. அந்த வாலைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் தங்கள் பிடிகளை மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. விளைவாக, நீருக்குள் இருக்கும் எத்தனால் ராவுல் கணக்குக்கு மேலேயே ஆவியில் ஏறுகிறது.

வில்லியனூர் போகிற வழியில் ஆரியபாளையத்தில் அரசு வடிசாராய ஆலை இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். உலகத்தில் எந்த வடி ஆலையாக இருந்தாலும், எத்தனை உயரக் கோபுரம் வைத்தாலும், சாதாரணக் காற்றழுத்தத்தில் வெறும் வடித்தலால் எத்தனாலை எடையில் 95.6 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோக முடியாது. அந்த இடத்தில் திரவத்தில் இருக்கும் அதே விகிதம் ஆவியிலும் வந்துவிடுகிறது. கொதிநிலை மாறாக் கலவை என்று புத்தகம் சொல்வது இதைத்தான். 78.2 டிகிரியில் கொதிக்கும் அது, தனி எத்தனாலைவிடவும் ஒரு மயிரிழை குறைவு. 78-க்கும் 100-க்கும் நடுவே இத்தனை இடைவெளி இருந்தும் கடைசி 4.4 சதவீத நீரைச் சூடு பிரிக்கவில்லை. பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்கு அந்த நீரை எடுக்க வேறு வழி தேட வேண்டியிருக்கிறது.

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வரலாம்.

மெத்தனாலின் வால் ஒரே ஒரு கார்பன். நீர் அதை அதிகம் பொருட்படுத்துவதில்லை, கிட்டத்தட்டத் தன் ஆளாகவே நடுவில் இடம் கொடுத்துப் பிடித்துக்கொள்கிறது. நூறு மூலக்கூறில் இரண்டு மட்டும் மெத்தனாலாகவும் மிச்சம் நீராகவும் உள்ள கலவையைக் கொதிக்க வைத்தால், எழும் ஆவியில் நூற்றுக்குச் சுமார் 13 மெத்தனாலாக இருக்கும். மெத்தனாலுக்குப் பதில் அதே அளவு எத்தனாலை வைத்தால் ஆவியில் சுமார் 17. மறுபடி படியுங்கள். தனியாக இருக்கும்போது 78 டிகிரி கேட்கும் எத்தனால், நீர் மிகுந்த கலவையில் 65 டிகிரி மெத்தனாலை முந்திக்கொண்டு வெளியேறுகிறது. அட்டவணை வரிசை தலைகீழாகிவிட்டது. நீரின் பங்கு குறையும்போது மெத்தனாலின் கை மெல்ல ஓங்கும், ஆனால் சாராயக்கடைப் பாக்கெட்டில் இருக்கிற மாதிரியான கலவையில் இரண்டும் ஏறக்குறைய சேர்ந்தேதான் ஏறும். சூடு காட்டினால் போதை ஏற்றுகிறதும் போகும், விஷமும் போகும், விஷம் மிச்சமும் இருக்கும். திறந்து வைத்தாலும் அதே கதைதான்.

மாமாவின் நம்பிக்கைக்கு இன்னொரு கிளை உண்டு. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் ‘காய்ச்சினவன் பக்குவம் தெரியாமல் காய்ச்சிட்டான்’ என்று பேசிக்கொள்வார்கள். வெல்லம் அல்லது சர்க்கரைப் பாகு புளித்தால் அதில் மெத்தனால் மிகச் சொற்பம். பழத்தோலில் உள்ள பெக்டின் சிதைந்தால் கொஞ்சம் வரும். ஊரைக் கொல்லும் அளவு அதில் உருவாகாது. மரக்காணத்தில் யாரும் எதையும் காய்ச்சவே இல்லை. ஆலைகளுக்கான மெத்தனாலைத் தண்ணீரோடு கலந்து விற்றார்கள் என்பது தமிழகக் காவல்துறை விசாரணையில் வந்தது. மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலுமாக இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 65க்கும் மேற்பட்டவர்கள். இரண்டு விசாரணையிலும் புதுச்சேரியின் பெயர் அடிபட்டது. எனவே இதைப் பக்கத்து மாவட்டத்துச் செய்தி என்று நாம் ஒதுக்க முடியாது. பக்குவத்தில் குற்றம் சொல்கிற பேச்சு, பீப்பாயில் விஷம் வாங்கிக் கலந்தவனைத் தப்பவிடுகிற பேச்சு என்பது என் எண்ணம்.

நெருப்பு வைத்துப் பார்ப்பதும் அப்படித்தான். தீக்குச்சியை நீட்டினால் பற்றுகிறது, நீலமாக எரிகிறது, சரக்கு சுத்தம் என்பார்கள். எரிவது திரவத்தின் மேல் நிற்கும் ஆவி. எத்தனால் ஆவியும் எரியும், மெத்தனால் ஆவியும் எரியும், மெத்தனால் சுடர் பகலில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. இரண்டும் கலந்து எரியும்போது எது எவ்வளவு என்று சுடரைப் பார்த்துச் சொல்ல எந்த விஞ்ஞானியாலும் முடியாது. வாடையிலும் ருசியிலும் குடிப்பவருக்கு வித்தியாசம் பிடிபடாது. ஆய்வகத்தில் கருவி வைத்துத்தான் பிரித்தறிகிறார்கள்.

உடம்புக்குள் போன பிறகு நடப்பது வேறு வேதியியல், சுருக்கமாகச் சொல்கிறேன். கல்லீரலில் உள்ள ஒரு நொதி மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாக்கும், அது ஃபார்மிக் அமிலமாகும். அந்த அமிலம் பார்வை நரம்பைத் தாக்கும், இரத்தத்தைப் புளிக்க வைக்கும். இது நடக்கப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகும், எத்தனாலும் சேர்ந்து உள்ளே போயிருந்தால் இன்னும் தள்ளிப்போகும். அதனால்தான் இரவு குடித்தவர் காலையில் நன்றாக எழுந்து வேலைக்குக் கிளம்புகிறார், பக்கத்து வீட்டுக்காரரும் அதையே வாங்கிக் குடிக்கிறார். அதே நொதி எத்தனாலைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும் என்பதால் மருத்துவமனையில் அளந்து எத்தனாலோ, ஃபோமெபிசோல் என்னும் மருந்தோ கொடுப்பார்கள், டயாலிசிஸ் செய்வார்கள். இதைக் கேட்டுவிட்டு வீட்டில் இன்னொரு குவளை ஊற்றிக் கொடுப்பது வைத்தியம் ஆகாது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது குடித்த மறுநாள் கண் மங்குகிறது, எதிரே வெள்ளையாகப் பனி விழுந்த மாதிரி இருக்கிறது என்று சொன்னாலோ, வயிற்று வலி, வாந்தியோடு மூச்சு வேகமாக வாங்கினாலோ, தூங்கி எழுந்தால் சரியாகும் என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். வெட்கப்பட்டு மறைக்கவும் விடாதீர்கள். கோரிமேட்டு ஜிப்மருக்கோ அரசுப் பொது மருத்துவமனைக்கோ உடனே கொண்டுபோங்கள். கள்ளக்குறிச்சியில் பாதிக்கப்பட்டவர்களையும் ஜிப்மரில்தான் பலரைச் சேர்த்தார்கள். எப்போது, எவ்வளவு, எங்கே வாங்கிக் குடித்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், பாக்கெட்டோ பாட்டிலோ மிச்சம் இருந்தால் எடுத்துப்போங்கள். கூடக் குடித்தவர்கள் நன்றாக இருந்தாலும் அவர்களையும் இழுத்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
உங்கள் ஓய்வு பெற்ற வேதியியல் மிஸ்,
முத்தியால்பேட்டை